கணிப்பொறியின் திறவுகோல்

புனே நகரின் வடகிழக்கில், ஆளந்திக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்திருப்பது நாம் வசிக்கும் விஷ்ராந்த்வாடி. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்னர், ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு ஆளந்தியிலிருந்து புறப்பட்டு, பண்டரிபுரத்தை நோக்கி இச்சாலை வழியே செல்லுகின்றது. தாளம் ஒலிக்க, காவிக் கொடிகள் அசைய, தலையில் துளசி மாடம் ஏந்திய பெண்களும், முதியவரும் இளைஞருமாக மக்கள் வெள்ளம் நாள் முழுவதும் நம் வாயிலைக் கடந்து போகும் காட்சி காணத் தக்கது.

ஞானேசுவரர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர். வடமொழி கற்றோர்க்கு மட்டுமே திறந்திருந்த பகவத்கீதையின் பொருளை, உழவரும் தையற்காரரும் கேட்டுணரும்படி மராட்டி மொழியில் விரித்துரைத்தமையே அவர் செய்த பெருஞ்செயல்களுள் தலையாயது. திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மீது ஏறி நின்று, மறைபொருளை ஊரறிய உரைத்த இராமானுசரின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் மக்களுக்கு இச்செயலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பூட்டி வைக்கப்பெற்ற ஒன்றன் திறவுகோலை மக்களிடம் ஒப்படைத்த பெரியோர் என்று இவ்விருவரையும் கூறலாம்.

இப்பல்லக்குச் செல்லும் சாலையிலிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், கணேஷ்கிண்டில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில், நம் காலத்துப் பூட்டு ஒன்றைத் திறந்த கதை நிகழ்ந்தது. அது கணிப்பொறியைப் பற்றிய கதை. ஒரு பொருள் நம் கையில் இருப்பதும், அதன் திறவுகோல் நம் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அக்கதை நமது நாட்டிற்குக் கற்பித்தது. அப்பாடத்தை நாம் முற்றும் கற்றோமா என்பதே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நமது நாட்டிற்கு முதன்முதலில் கணிப்பொறி வந்த ஆண்டு 1955. கல்கத்தாவில் மகலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிலையத்திற்காக இங்கிலாந்திலிருந்து அது கப்பலேறி வந்தது. அதே காலத்தில் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், கணிப்பொறி ஒன்றை நாமே செய்து பார்ப்போம் என்று சில இளைஞர்கள் முனைந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவரான ரங்கசாமி நரசிம்மன். அவர்கள் ஆக்கிய யந்திரம் 1960ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிற்று. 1962இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார். கணிப்பொறியைச் செய்யும் அறிவு இந்நாட்டில் இல்லாமற்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும், அறிவு இருந்தும் சந்தை பிறர் கையில் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்நாட்டில் கால் ஊன்றிய அமெரிக்க நிறுவனமான ஐ.பி.எம்., ரெயில்வே முதலாக ஆயுள் இன்ஷூரன்ஸ் ஈறாக எங்கும் தன் யந்திரங்களை நிறுவிற்று. அந்நிறுவனத்தின் முறை விற்பனையன்று, வாடகை. யந்திரம் நம் கட்டடத்தில் இருக்கும். நம் மின்சாரத்தில் ஓடும். நம் கணக்குகளைப் போடும். ஆனால் உடைமை அவர்களுடையது. பழுது பார்ப்பவரும் அவர்களே. உதிரி உறுப்புக்களைத் தருபவரும் அவர்களே. வெளிநாடுகளில் உழைத்துத் தேய்ந்து திரும்பிய யந்திரங்களைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விடுவதும் வழக்கமாயிற்று. மேலைநாடுகளில் வழக்கொழிந்து வந்த யந்திரத்திற்கு, நாம் ஆண்டுக்கணக்கில் வாடகை செலுத்திக் கொண்டிருந்தோம். 1970களின் நடுவில் பாராளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழுவும் இதனை ஆராய்ந்து குறை கூறிற்று.

1973ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அந்நிய நிறுவனங்கள் தம் இந்தியக் கிளைகளில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது என்று அரசாங்கம் வற்புறுத்திற்று. உடைமை முழுவதும் தன்னிடமே இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையிலிருந்து ஐ.பி.எம். இறங்கவில்லை. முடிவில் 1978ஆம் ஆண்டு அது இந்நாட்டை விட்டு வெளியேறிற்று. விட்டுச் சென்ற யந்திரங்களின் கதி என்ன ஆகுமோ என்று அஞ்சியோர் பலர். ஆனால் பராமரிப்புக்கென்றே அரசாங்கம் நிறுவியிருந்த கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம் அப்பொறுப்பை ஏற்றது, யந்திரங்கள் நின்றுவிடவில்லை. முன்னர்க் குறிப்பிட்ட நரசிம்மனே இக்கழகத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இதனைக் கூறும்போதே மறுபுறத்தையும் கூறுதல் நேர்மையாகும். ஐதராபாத்திலுள்ள அரசாங்க மின்னணுத் தொழிற்சாலை ஆக்கித் தந்த கணிப்பொறிகள், உலகச் சந்தையில் கிடைத்தவற்றிற்குப் பின்தங்கியவையாகவே இருந்தன. நல்ல யந்திரத்திற்காக நம் விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். கதவை அடைத்துவிடுவதனால் மட்டும் திறவுகோல் கைக்கு வந்துவிடாது. அதனைச் செய்யவும் கற்றல் வேண்டும்.

அக்கல்விக்கு உரிய வேளை 1980களின் நடுவில் வந்தது. பருவமழையை முன்னறிதற்கும் பிற ஆராய்ச்சிகளுக்குமாக, அமெரிக்காவின் க்ரே நிறுவனம் செய்த மீக்கணிப்பொறியை வாங்க நமது அரசாங்கம் விரும்பிற்று. மழையை நம்பி வாழும் உழவர்கள் நிறைந்த நாட்டிற்கு இது ஆடம்பரமன்று. ஆனால் அத்தகைய யந்திரம் அணுகுண்டு ஆராய்ச்சிக்கும் ஏவுகணை ஆராய்ச்சிக்கும் பயன்படக்கூடும் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் அச்சம். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின்னர், கேட்டதைவிட ஆற்றல் குறைந்த யந்திரமே கிடைத்தது. அதனையும் வானிலை ஆராய்ச்சிக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்பது நிபந்தனை. விலை கொடுத்து வாங்கிய பொருளை எதற்குப் பயன்படுத்துவது என்று விற்றவர் கட்டளையிட்டார். திறவுகோல் எங்கிருந்தது என்பது அப்பொழுது ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று.

இந்நிலையில் 1988ஆம் ஆண்டு, உயர்கணிப்பு வளர்ச்சி மையம் என்று தமிழில் கூறத்தக்க சி-டாக் புனேயில் தோற்றுவிக்கப் பெற்றது. விஜய் பட்கர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மூன்றாண்டுக் காலத்தில், ஏறத்தாழ முப்பது கோடி ரூபாய்ச் செலவில், மீக்கணிப்பொறி ஒன்றை ஆக்கித் தருதல் வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பெற்ற பணி.

அவர்கள் கைக்கொண்ட வழி சுவையானது. க்ரே யந்திரத்தின் ஆற்றல், மிக விரைந்து இயங்கும் ஒன்றிரண்டு பெருஞ்செயலிகளில் அடங்கியிருந்தது. அத்தகைய செயலியை நாம் செய்யவும் இயலாது, வாங்கவும் முடியாது. ஆனால் சிறு செயலிகள் உலகச் சந்தையில் எளிதாகக் கிடைத்தன. யானை கிடைக்காத ஊரில் தேர் ஓடாமல் நின்றுவிடுகின்றதா? திருவாரூரில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க ஆழித்தேர் அசைந்து வருவதை நாம் அறிவோம். அதுபோலவே, கணக்கைப் பல கூறுகளாகப் பிரித்து, பல சிறு செயலிகளுக்குப் பங்கிட்டுத் தந்து, அவை ஒரே வேளையில் போட்ட விடைகளை மீண்டும் ஒன்றுசேர்க்கும் முறையை அவர்கள் மேற்கொண்டனர். வடம் பிடிப்போர் அனைவரும் ஒருசேர இழுத்தாலன்றித் தேர் நகராது. அவர்களை இணைக்கும் ஒழுங்கே இம்முறையின் உயிர். அவ்வொழுங்கை வகுத்ததில்தான் புனே விஞ்ஞானிகளின் திறமை வெளிப்பட்டது.

1991ஆம் ஆண்டு 'பரம் 8000' வெளிவந்தது. மேலானது என்னும் வடமொழிப் பொருளும், இணையாக இயங்கும் யந்திரம் என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமும் இப்பெயரில் ஒருங்கே அமைந்தன. பின்னர் ருஷ்யா முதலிய நாடுகளுக்கும் பரம் யந்திரங்கள் அனுப்பப் பெற்றன. அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளும் படிப்படியாகத் தளர்ந்தன. தாமே செய்துகொள்ளத் தெரிந்தவர்களிடம் பேரம் வேறு வகையாகத்தானே நடக்கும்!

இவ்வெற்றியை மிகைப்படுத்திக் கூறுதலும் ஆகாது. பரம் 8000இன் உள்ளே இயங்கிய டிரான்ஸ்புட்டர் என்னும் சில்லுகள் இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனம் செய்தவை. 2020ஆம் ஆண்டு உலக வரிசையில் 63ஆம் இடத்தைப் பெற்ற 'பரம் சித்தி' யந்திரமும் அமெரிக்கச் சில்லுகளைக் கொண்டே இயங்குவது. 2024 செப்டம்பரில் புனே, தில்லி, கல்கத்தா ஆகிய மூன்று இடங்களில் 'பரம் ருத்ரா' யந்திரங்கள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப் பெற்றன. அவற்றின் வழங்கிப் பொறிகளை வடிவமைத்தவர்கள் நம்மவர்கள். உள்ளே இருக்கும் செயலிகள் வெளிநாட்டவை. ஆகவே முதற்பூட்டைத் திறந்தோம். அதனுள் மற்றொரு பூட்டு இருக்கக் கண்டோம் எனலாம்.

பரம் யந்திரத்தின் புகழில் மறைந்து போன மற்றொரு பணி, மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு அதனினும் நெருக்கமானது. கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் தொடங்கி, பின்னர்ப் புனேக்கு வந்த 'ஜிஸ்ட்' என்னும் திட்டத்தின் வாயிலாக, இந்திய மொழி எழுத்துக்கள் கணிப்பொறித் திரையில் தோன்றின. இந்திய எழுத்துக்களுக்கெனப் பொதுவான குறியீட்டு முறை ஒன்று 1991இல் நாட்டுத் தரமாக ஏற்கப் பெற்றது. அதே ஆண்டில் வெளியான யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டிலும் தமிழ் இடம்பெற்றது. அதன் இந்திய எழுத்து வரிசை, நம் நாட்டுக் குறியீட்டை ஒட்டியே அமைந்தது.

பொதுக் குறியீடு பிறந்தும் நெடுங்காலம் அலுவலகங்களில் அது வழக்கிற்கு வரவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் தனக்கென ஒரு குறியீட்டையும் வைத்திருந்தது. ஒருவரது எழுத்துருவில் 'அ' என்று இருப்பது மற்றொருவரது எழுத்துருவில் பொருளற்ற கோடாகத் தோன்றும்.

இதனால் நமக்கு நேர்ந்ததையும் இங்கே கூறுதல் பொருந்தும். நாம் பணியிற் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், நமக்கு முன் பணியாற்றியோரும் நாமுமாகச் சேர்த்த கலைச்சொற் பட்டியல் ஒன்று அலுவலகக் கணிப்பொறியில் இருந்தது. ஒரு தனியார் நிறுவனம் விற்ற தமிழ் மென்பொருளில் அது தட்டெழுதப் பெற்றிருந்தது. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பூட்டுக் கட்டையை யந்திரத்தின் பின்புறத்தில் செருகினாலன்றி அம்மென்பொருள் இயங்காது. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒருநாள் அக்கட்டை பழுதுற்றது. நிறுவனத்துக்கு எழுதினோம், அவர்கள் அம்மென்பொருளை விற்பதை நிறுத்திப் பல நாட்களாயின என்று விடை வந்தது. பட்டியலைத் திறந்தால், ஐரோப்பிய எழுத்துக்களும் குறிகளும் கலந்து கிடந்த குப்பையே கண்ணிற்பட்டது.

நம் நிலையைக் கேள்வியுற்ற ஓர் இளைஞர், பூட்டை உடைத்த பிரதி ஒன்றைத் தகட்டில் கொண்டு வந்தார். அதனை வீட்டு யந்திரத்தில் இட்டு, பட்டியலை மீட்டோம். செய்தது முறையன்று என்பதை அப்பொழுதே அறிந்திருந்தோம். இப்பொழுதும் அதனை நியாயப்படுத்தப் புகவில்லை. ஆயினும் ஒன்றை மறக்க இயலவில்லை. விலை கொடுத்தது அலுவலகம். சொற்களைத் தேடியது நாம். மொழியோ நம் தாய்மொழி. நாமே எழுதியதை நாமே படிப்பதற்கு ஒரு கள்ளத் திறவுகோல் வேண்டியிருந்தது!

இத்தொல்லையிலிருந்து தமிழ் மீண்டதற்கு உலகெங்கும் பரவியுள்ள தமிழர்கள் காரணமாவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் வாழ்ந்த தமிழ் அன்பர்கள், தம் ஓய்வு நேரத்தில் எழுத்துருக்களை ஆக்கினர். பலர் அவற்றை விலையின்றியே வழங்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில், பொதுவான விசைப்பலகை குறித்து உடன்பாடு ஏற்பட்டது. 2010ஆம் ஆண்டு கோவையில் செம்மொழி மாநாடு நிகழ்ந்த வேளையில், தமிழக அரசாங்கம் யூனிகோடைத் தரமாக ஏற்றது. தமிழின் உயிர்மெய் எழுத்துக்களை அக்குறியீடு உரிய முறையில் நடத்தவில்லை என்னும் குறை அறிஞர்களிடையே உண்டு. எனினும், எந்த ஒரு வணிகரும் பூட்ட இயலாத எழுத்து நமக்குக் கிடைத்தது என்பதில் ஐயமில்லை.

பூட்டை உடைத்த பிரதியைப் பற்றிக் குறிப்பிட்டோம். அதனைச் சிறிது விரிவாக நோக்குவோம். மென்பொருளைக் களவாடுதல் என்னும் வழக்கு, தனியாள் கணிப்பொறி பிறந்தவுடனே பிறந்தது. 1976ஆம் ஆண்டு பிப்ரவரியில், இருபது வயது இளைஞராக இருந்த பில் கேட்ஸ், தம் மென்பொருளைப் பலர் விலை கொடாமற் படியெடுப்பதைக் கண்டித்து வெளிப்படையான கடிதம் ஒன்று எழுதினார். உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா என்பது அவர் வினா. அது நியாயமான வினாவே. திரைப்படம் வெளியான அன்றே இணையத்தில் களவாக உலவும் கொடுமையைத் தமிழ்நாட்டார் நன்கு அறிவர். முதலிட்டவர் மட்டுமன்றி, விளக்குப் பிடித்தவரும் வேடம் புனைந்தவரும் அதனால் நலிகின்றனர். 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இக்குற்றத்திற்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது.

ஆனால் மென்பொருட் களவில் மறைந்துள்ள மற்றொரு தீங்கைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. களவுப் பிரதி, உடைமையாளரின் ஆதிக்கத்தைக் குறைப்பதில்லை, வளர்க்கின்றது. விலை கொடாமல் கிடைக்கின்றது என்பதற்காக ஒரு தலைமுறையே ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் பழகிற்று. பள்ளியில் அது, கடையில் அது, வீட்டில் அது. வேறொன்றைத் தேடவும் ஆக்கவும் அவசியம் தோன்றவில்லை. பின்னர் அந்நிறுவனம் விலை கேட்டபொழுது விலகிச் செல்ல வழியில்லை. இரவல் புடவையை நம்பி இடுப்புத் துணியை எறிந்தாளாம் என்பது பழமொழி. நாமோ களவுப் புடவையை நம்பி எறிந்தோம்.

பூட்டுவதும் உடைப்பதுமாகிய இரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. உரியவருக்கு உரியதைத் தந்து, பொருளைப் பொதுவாக்குதல் அது. அதற்குத் தமிழ்நாட்டில் உயர்ந்த முன்மாதிரி இருக்கின்றது. 1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்களுக்குரிய ஒலிப்பதிவு, ஒலிபரப்பு உரிமைகள் வணிகர் கைக்குச் சென்று, பின்னர்ப் படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தன. 1948இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாட்டு இடம்பெற்றபோது வழக்கு எழுந்தது. நாடே பாடும் பாட்டு ஒருவர் உடைமையாவதா என்னும் கேள்வி பிறந்தது. எழுத்தாளர்களும் மக்களும் இயக்கம் நடத்தினர். 1949ஆம் ஆண்டு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையை ஏற்பதாக அறிவித்தது. மெய்யப்பன் தம் உரிமையை விலையின்றியே அளித்தார். கவிஞரின் குடும்பத்தாருக்கு அரசாங்கம் பொருளுதவி செய்தது. 1950களின் நடுவில் பாரதியின் எழுத்து மக்கள் உடைமையாயிற்று. பூட்டை எவரும் உடைக்கவில்லை, திறவுகோலே கைமாறிற்று.

அவ்வழியில் வந்ததே 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம். உலகெங்குமுள்ள தமிழன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தாமே தட்டெழுதி, திருத்தி, எவரும் விலையின்றிப் பெறும்படி இணையத்தில் வைத்தனர். மென்பொருள் உலகில், அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த கட்டற்ற மென்பொருள் இயக்கமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸும் இத்தகையனவே. எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்குத் தரலாம் என்பது அவற்றின் விதி. சி-டாக் நிறுவனத்தின் சென்னை நிலையத்தார் அவ்வடிப்படையில் 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை ஆக்கினர். கேரளத்தின் அரசாங்கப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளையே கற்பித்து வருகின்றன.

இதுவரை கூறியவை மேசைமீது இருந்த யந்திரத்தின் கதை. இன்றோ யந்திரம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்டிற்கு நேர்ந்த நிலை இன்று ஒவ்வொரு தனி மனிதனுக்கும் நேர்ந்திருக்கின்றது. கைப்பேசியை விலை கொடுத்து வாங்குகின்றோம். ஆனால் அதில் எது இயங்கலாம், எது இயங்கலாகாது என்பதை வேறொருவர் வகுக்கின்றார். 2009ஆம் ஆண்டு ஜூலையில், அமேசான் நிறுவனம் தான் விற்ற மின்னூல்கள் இரண்டை, உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அவர்கள் அறியாமலே அழித்துவிட்டது. விலையைத் திருப்பித் தந்தது உண்மை. ஆனால் விற்ற புத்தகத்தை, வீடு புகுந்து அலமாரியிலிருந்து எடுத்துச் செல்லும் வணிகரை முன்னர் எவரேனும் கண்டதுண்டோ? அழிக்கப் பெற்ற நூல்களுள் ஒன்று, மக்களை ஓயாது கண்காணிக்கும் அரசைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்பது காலத்தின் விளையாட்டுப் போலும்.

நாட்டிற்கும் அந்நிலை முற்றும் நீங்கிவிடவில்லை. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ருஷ்யாவுக்கு எதிராக விதித்த தடைகளுக்குள், ருஷ்யப் பங்குடைய நயாரா என்னும் இந்திய எண்ணெய் நிறுவனமும் அகப்பட்டது. உடனே மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை அந்நிறுவனத்திற்கு நிறுத்திற்று. குஜராத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நிறுவனம், முழு விலையும் செலுத்திப் பெற்ற சேவையை இழந்து, தன் சொந்தத் தகவல்களையே அணுக இயலவில்லை என்று தில்லி உயர்நீதிமன்றத்தில் முறையிட்டது. சில நாட்களில் சேவை மீண்டது. ஆயினும் இந்தியச் சட்டம் எதனையும் மீறாத ஒரு நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்து, அயல்நாட்டில் எடுத்த முடிவினால் நின்றது என்பது 1987ஆம் ஆண்டுக் காலத்தை நினைவூட்டவில்லையா?

திறவுகோல் பிறரிடம் இருந்தால், அவர் கதவை அடைக்கவும் கூடும். நாம் அறியாமல் உள்ளே நுழைந்து பார்க்கவும் கூடும். இரண்டாவதே அந்தரங்கத்தைப் பற்றிய பிரச்சினை. அது பற்றிய நம் சட்ட வரலாறு நீண்டது. போலீசார் இரவில் வீடு புகுந்து சோதிப்பதை எதிர்த்துக் கரக் சிங் என்பவர் தொடுத்த வழக்கில், 1962ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவ்விரவுச் சோதனை செல்லாது என்றது. எனினும் அந்தரங்க உரிமை என ஒன்று அரசியலமைப்பில் இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். 1994இல் நக்கீரன் இதழ் தொடர்பான தமிழ்நாட்டு வழக்கில், தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறிற்று. முடிவில், ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். சுப்பா ராவ் எழுதிய மாறுபட்ட கருத்து, 55 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமாயிற்று.

கரக் சிங்கின் கதவைத் தட்டியவர் போலீசார். இன்று நம் கதவைத் தட்டாமலே நுழைவோர் வணிகர்கள். எங்கே செல்லுகின்றோம், எதை வாங்குகின்றோம், எவருடன் பேசுகின்றோம் என்பவை அனைத்தும் அவர்களுக்குச் சரக்காகின்றன. வாட்ஸப் 2021இல் தன் நிபந்தனைகளை மாற்றி, ஏற்றால் இரு, மறுத்தால் போ என்னும் பாங்கில் நடந்துகொண்டது பற்றி ஆராய்ந்த போட்டிக் கண்காணிப்பு ஆணையம், 2024 நவம்பரில் அதன் உடைமையாளரான மெட்டா நிறுவனத்திற்கு 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவ்வழக்கு மேல்முறையீட்டிற்கும் சென்றது.

2023ஆம் ஆண்டில் தனிநபர் தகவற் பாதுகாப்புச் சட்டம் இயற்றப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நிறுவனங்களின் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப் பெற்றுள்ளன. அரசாங்கத்திற்கு அச்சட்டம் அளிக்கும் விலக்குகள் மிகுதி என்று குறை கூறுவோரும் உளர். அவ்விவாதம் தொடர்ந்து நடத்தற்குரியதே. அச்சட்டத்தின் ஒரு விதி நம் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது. ஒருவரது தகவலைக் கேட்கும் நிறுவனம், எதற்காகக் கேட்கின்றது என்னும் அறிவிப்பை, ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறுவதற்கு அவருக்கு வசதி செய்தல் வேண்டும் என்பது அவ்விதி. தமிழர் தமிழில் கேட்டுப் பெறலாம். எங்கள் அண்டை வீட்டார் மராட்டியிற் பெறலாம்.

இதுநாள் வரை நடந்தது என்ன? பத்துப் பதினைந்து பக்க ஆங்கில ஒப்பந்தத்தின் அடியில், சம்மதம் என்னும் சொல்லை ஒரு விரலால் தொட்டுவிட்டு அப்பாற் சென்றோம். படித்தவர் படிக்கவில்லை, படிக்க விரும்பியவருக்கு மொழி தெரியவில்லை. புரியாத மொழியில் அளித்த சம்மதம் சம்மதமாகுமா? கைநாட்டு வைக்கும் குடியானவனிடம் ஈட்டிக்காரன் எழுதி வாங்கிய பத்திரத்திற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

எனவே அவ்வறிவிப்பு நல்ல தமிழில், பாமரருக்கும் விளங்கும் தமிழில் அமைதல் வேண்டும். சொல்லுக்குச் சொல் வைத்து, வாக்கியத்தின் தலையும் காலும் தெரியாதபடி நாம் மொழிபெயர்த்து விட்டால், பழைய பூட்டின்மீது தமிழ்ப் பூட்டு ஒன்றையும் மாட்டியவராவோம். இந்தக் குற்றம் வணிகர்மீது சாராது. எம்போன்ற மொழிபெயர்ப்பாளர்மீதே சாரும். இருபது ஆண்டுப் பணியில் அத்தகைய வாக்கியங்களை நாமும் எழுதியிருக்கின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1978இல் யந்திரத்தைப் பழுது பார்க்கக் கற்றோம். 1991இல் அதனை ஆக்கக் கற்றோம். நம் எழுத்தைப் பொதுவாக்கினோம். நம் கவியின் பாட்டைப் பொதுவாக்கினோம். இவற்றுள் ஒன்றும் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று, ஒருவரே செய்ததுமன்று. எஞ்சியிருக்கும் பூட்டுக்களையும் அவ்வாறே திறக்க இயலும். அதற்கு விஞ்ஞானி சில்லுகளைச் செய்யட்டும். சட்டமன்றத்தார் காவலாகச் சட்டங்களை இயற்றட்டும். ஆசிரியர் மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் காட்டட்டும். குடிமக்களாகிய நாம் செய்யத்தக்கது எளியது. அடுத்த முறை 'சம்மதம்' என்று திரையில் தோன்றும்பொழுது, விரலை வைப்பதற்கு முன், எதற்குச் சம்மதம் என்று எங்கள் மொழியில் சொல்லுங்கள் எனக் கேட்போம். கேட்கும் உரிமையைச் சட்டம் நமக்கு அளித்திருக்கின்றது.